ஊர்ப் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும்: நெல்லைச் சீமையில் பத்திரிகை நெறி

திருநெல்வேலிப் பக்கம் ஒரு குற்றச்செய்தி எங்கே பிறக்கிறது? பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குழுவில். மாவட்டக் காவல்துறைக்கு ஒன்று, மாநகரக் காவல்துறைக்கு ஒன்று, மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கு ஒன்று. காலையில் கைது, மதியம் செய்திக்குறிப்பு, கூடவே கைதானவர் இரண்டு போலீசாருக்கு நடுவில் நிற்கும் படம். அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ இருக்கும் பகுதிநேர நிருபர் அதை அப்படியே பதிப்பு அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவார். அங்கே நாலு வார்த்தையை மாற்றி, தலைப்பு வைத்து, பக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் ஒரே செய்தி. குறிப்பில் பிழை இருந்தால் ஒரே பிழை.

பத்திரிகை தர்மம் என்றதும் கருத்துச் சுதந்திரம், நான்காவது தூண் என்று பெரிய பேச்சுக்குப் போய்விடுகிறோம். நம் பக்கத்தில் அது உடைவது இந்தச் சின்னச் சின்ன இடங்களில்தான்.

பத்திரிகை இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. எட்டயபுரத்துப் பாரதி 1904ல் சுதேசமித்திரனில் சேர்ந்தார். திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழியில் பிறந்த சி.பா.ஆதித்தனார் 1942ல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். 1951ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர் 1957ல் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது. டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க நாலு பேர் கேட்ட ஊர்கள் இவை. அதனாலேயே பேப்பரில் வந்த வரிக்கு இங்கே கனம் அதிகம். ‘பேப்பர்லயே போட்டுட்டான்’ என்று ஊர் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் நீதிமன்றம் விடுதலை செய்தாலும் பேச்சு மாறாது.

விதிகள் இல்லாமல் இல்லை. இந்திய பிரஸ் கவுன்சில் முதலில் 1966ல் அமைக்கப்பட்டது; நெருக்கடிநிலைக் காலத்தில் கலைக்கப்பட்டது; 1978ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மறுபடி வந்தது. ஒரு தலைவர், 28 உறுப்பினர்கள். பத்திரிகையாளர் நடத்தை நெறிகள் என்று ஒரு தொகுப்பை அது வெளியிட்டு, அவ்வப்போது திருத்தியும் வருகிறது. சரிபார்த்து எழுது, எதிர்த்தரப்பைக் கேள், தவறு என்றால் திருத்தம் போடு, அந்தரங்கத்தில் நுழையாதே, சாதி மதப் பூசலை ஊதிவிடாதே, பரிசு வாங்காதே. இதில் எதுவும் ஒரு நிருபருக்குப் புரியாத விஷயம் இல்லை. ஆனால் மீறினால் கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். அபராதம் போடவோ, பத்திரிகையை நிறுத்தவோ அதற்கு அதிகாரம் கிடையாது. தலையங்க மேசைகளில் இதைப் ‘பல் இல்லாத கவுன்சில்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். அரசின் கையில் இருக்கும் பல்லைவிட இது தேவலை என்பது என் எண்ணம்.

செய்திக்குறிப்புக்கு வருவோம். அது பொய் என்று சொல்லவில்லை. பல நாள் சரியாகவே இருக்கும். ஆனால் அது ஒரு தரப்பின் வாக்கு. சாத்தான்குளம் யாருக்கும் மறந்திருக்காது. 2020 ஜூன் 19ம் தேதி, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்ற குற்றச்சாட்டில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குள் போனார்கள். இருவரும் தரையில் உருண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டவர்களில் மகன் 22ம் தேதி இரவும், தந்தை 23ம் தேதி காலையும் இறந்தார்கள். ஒருவருக்கு மூச்சுத்திணறல், மற்றவருக்குக் காய்ச்சல் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவு வெளியே வந்தபோது கதை வேறாக இருந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது, பிறகு சி.பி.ஐ. ஒன்பது போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இப்படி ஒரு முதல் நாளில் செய்ய வேண்டியது என்ன? குடும்பத்தாருக்கு ஒரு போன். அரசு மருத்துவமனைக்கு ஒரு நடை. ரிமாண்ட் செய்தபோது உடல்நிலை எப்படி இருந்தது, சான்று கொடுத்த மருத்துவர் என்ன எழுதினார் என்று ஒரு கேள்வி. இவை இல்லையென்றால் நிருபருக்கும் தபால்காரருக்கும் வித்தியாசம் இல்லை.

இதே வகையில் இன்னொன்று, தமிழ்ப் பேப்பர்களின் நெடுநாள் வியாதி: ‘பரபரப்பு வாக்குமூலம்’. “நான்தான் வெட்டினேன், அவன் என்னை முறைத்தான், அதனால்...” என்று கைதானவரே நேரில் உட்கார்ந்து பேசுவது போல அரைப் பக்கம் ஓடும். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. 1872ம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25வது பிரிவில் அதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் 23வது பிரிவில் சொல்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் விலக்கு. நீதிபதியே கணக்கில் எடுக்கக் கூடாத ஒன்றை ஊர் முழுக்கக் காப்பியோடு படிக்கிறது. அப்புறம் அந்த மாவுக்கட்டுப் படங்கள். தப்பி ஓடும்போது பாலத்தில் இருந்து விழுந்தார், கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்று ஒரு வரி. கையிலும் காலிலும் கட்டோடு ஒரு படம். வழுக்கும் கழிப்பறைகள் ஏன் காவல் நிலையங்களில் மட்டும் இத்தனை என்று கேட்கிற நிருபரைக் காண்பது அபூர்வம். படத்துக்குக் கீழே சிரிப்புக் குறியோடு வரும் பின்னூட்டங்களைப் பார்த்தால், வாசகரும் அதைக் கேட்கச் சொல்லவில்லை என்பது தெரியும்.

நேரில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே ஊரில் உதாரணம் உண்டு. 1999 ஜூலை 23ம் தேதி, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தை நோக்கிப் போன ஊர்வலம் தடியடியில் கலைக்கப்பட்டு, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். ஆற்றில் மூழ்கி இறந்தார்கள் என்பது அரசுத் தரப்பு. அடித்து ஆற்றுக்குள் விரட்டினார்கள் என்பது ஊர்வலத் தரப்பு. ஆற்றுக்குள் நிற்கிறவர்கள் மீது தடி ஓங்கப்படும் படங்கள் இல்லாமல் போயிருந்தால், ‘மூழ்கி’ என்ற ஒரே சொல்லோடு அந்த நாள் முடிந்திருக்கும்.

இனி, இந்த வட்டாரத்தில் மட்டும் கூடுதலாகக் கனக்கிற சிக்கலுக்கு வருகிறேன். ஆள் அடையாளம்.

மாதிரிக்கு ஒரு செய்தியை நானே கட்டிக் காட்டுகிறேன். “களக்காடு அருகே உள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்த கொத்தனாரின் 14 வயது மகள், அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் 9ம் வகுப்பு படித்து வருகிறார். இவருக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததாக அவரது தாய்மாமன் இன்னார் (வயது 32) போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார்.” பெண்ணின் பெயர் இல்லை. நிருபருக்கும் உதவி ஆசிரியருக்கும் மனநிறைவு. ஆனால் தாய்மாமன் பெயர் வந்துவிட்டதே! அந்தப் பெயருடைய ஆளுக்கு எத்தனை அக்காள், எந்த அக்காளுக்கு 9ம் வகுப்பில் மகள் என்று அந்தக் கிராமத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். கொத்தனார் என்பதும் வந்துவிட்டது, பள்ளியும் வந்துவிட்டது. சென்னையில் இருந்து படிப்பவருக்கு இது யாரோ ஒரு பெண். அவளைத் தெரிந்த ஆயிரம் பேருக்கு, அவள் யாரிடமிருந்து மறைக்கப்பட வேண்டுமோ அவர்களுக்கு, இது அவளேதான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து பாதுகாக்க வந்த போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு, குழந்தையின் பெயரை மட்டும் தடை செய்யவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் தெரிய வைக்கும் வேறு எதுவும் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இளையோர் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவு, குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை, குற்றம் சாட்டப்பட்ட குழந்தை எல்லாருக்கும் இதே பாதுகாப்பைக் கொடுக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதற்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 72வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. தொலைதூரமாகக்கூட அடையாளம் தெரியக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் உறவினர் என்றால் அவர் பெயரை விடு, அல்லது உறவுமுறையை விடு. இரண்டையும் சேர்த்துப் போடாதே. இவ்வளவுதான் விஷயம்.

இதை ஒரு தாலுகா நிருபரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “ஊர் பேரு, ஆளு பேரு எதுவும் போடாம இருந்தா நம்ம பக்கத்துல பேப்பரை யாரு அண்ணாச்சி தொடுவா?” நியாயமான கேள்வி. உள்ளூர்ப் பக்கத்தின் உயிரே ஊர்ப் பெயர்தான். இட்டமொழியில் கிணறு தூர்வாரியதையும் மூலைக்கரைப்பட்டியில் கொடை விழாவையும் போடுவதால்தான் அந்தப் பக்கத்தை முதலில் விரிக்கிறார்கள். அதே பழக்கத்தைப் போக்சோ செய்திக்கும் கொண்டுபோவதுதான் கோளாறு.

‘எப்.ஐ.ஆரில் இருந்தது, போட்டோம்’ என்பது அடுத்த சமாதானம். இதற்குப் பதில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கிலேயே இருக்கிறது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994ல் உச்ச நீதிமன்றம் பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட அனுமதி தேவையில்லை என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விலக்கும் இருந்தது: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளிவரக் கூடாது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தபோது, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கசிய விட்டது அரசு இயந்திரம் என்றால், அதைப் பார்வேர்டு செய்தவர்களுக்குப் பங்கே இல்லையா?

பாலியல் குற்றம் இல்லாத வழக்குகளில் இந்தக் கவனம் இன்னும் குறைவு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவனும் தடுக்க வந்த தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களும் மாணவர்கள். இரு பக்கமும் 18 வயது நிரம்பாதவர்கள். சட்டப்படி யார் பெயரும் வந்திருக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட பையனின் பெயரும் மருத்துவமனைக் கட்டிலும் நாடெங்கும் ஓடின. பெரும்பாலோர் நல்லெண்ணத்தில்தான் போட்டார்கள். அவனுக்கு நீதி வேண்டும் என்ற கோபம் இருந்தது. நல்லெண்ணம் என்பதற்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. குழந்தையின் நலனுக்கு அவசியம் என்று குழந்தைகள் நலக் குழுவோ இளைஞர் நீதிக் குழுமமோ எழுத்துமூலம் அனுமதித்தால் மட்டும் வெளியிடலாம்.

சாதியை எழுதுவதா, விடுவதா? இங்கே நெறிமுறைக் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரும் வேலை பார்க்க முடியாது. பொதுவாகச் சாதியைக் குறிப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது பிரஸ் கவுன்சில். கலவர நேரத்தில் எந்தச் சமூகம், எத்தனை பேர் என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும் என்கிறது. தொண்ணூறுகளில் தென்மாவட்டங்கள் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையின் அருமை தெரியும். ஒரு ஊரில் ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் வெட்டப்பட்டார் என்று காலைப் பேப்பர் சொன்னால், மாலைக்குள் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பேருந்து உடையும். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் ‘இரு தரப்பினர் மோதல்’, ‘ஒரு பிரிவினர்’, ‘முன்விரோதம்’.

ஆனால் அதே வாசகங்கள் வேறொரு அநியாயத்துக்கும் உதவுகின்றன. வீடு புகுந்து வெட்டுவது மோதல் இல்லை. செருப்புப் போட்டு நடந்ததற்காக அடி வாங்கியவர் ஒரு ‘தரப்பு’ இல்லை. காரணமே சாதியாக இருக்கும் குற்றத்தில் சாதியை நீக்கிவிட்டால், செய்தியில் மிஞ்சுவது காரணமில்லாத ஒரு சண்டை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஒரு இளைஞர் கொல்லப்பட்டபோது அதை வெறும் ‘காதல் விவகாரம்’ என்று எழுதுவதற்கும், ஆணவக்கொலை என்ற குற்றச்சாட்டைச் சொல்லி எழுதுவதற்கும் உள்ள தூரம் இதுதான். என் கணக்கு இது: வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். திருட்டு, விபத்து, குடும்பச் சண்டை என்றால் சாதியைக் கோடி காட்டும் தெருப் பெயர் உட்பட எதுவும் தேவையில்லை. நம் ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. ‘கீழத்தெருவைச் சேர்ந்த’ என்று டெஸ்க்கில் ஒருவர் யோசிக்காமல் விட்டுவைப்பதை, ஊரில் எல்லாரும் யோசித்துத்தான் படிப்பார்கள்.

தற்கொலைச் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் 23ம் தேதி, திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில், கந்துவட்டிக் கொடுமைக்குத் தீர்வு கிடைக்காத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிறகு மருத்துவமனையில் மாண்டது. கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. குழந்தை அப்படித் துடிக்கும்போது படம் எடுப்பதா, ஓடிப்போய்த் தூக்குவதா என்று அன்று எழுந்த கேள்விக்கு எளிய பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எடுத்த படத்தை வெளியிடுவது வேறு கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது. 2019ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களைப் பிரஸ் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. முறையை விவரிக்காதே, இடத்தைப் பிரபலப்படுத்தாதே, படமும் கடைசிக் கடிதமும் போடாதே, முதல் பக்கத்தில் பெரிதாக்காதே, ஒற்றைக் காரணத்தில் முடிக்காதே, உதவி எண்ணைச் சேர். தமிழ்நாட்டில் 104, தேசிய அளவில் 14416. கலெக்டர் அலுவலக வாசலில் மனு கொண்டுவருகிறவர்களின் பையைப் போலீஸ் சோதனை போடுவது இன்றைக்கும் வழக்கமாக இருப்பதைப் பார்த்தால், இடத்தைப் பிரபலப்படுத்துவது என்றால் என்ன என்று புரியும். அதற்காகக் கந்துவட்டியையும், மனுமேல் மனு கொடுத்தும் நடக்காததையும் எழுதாமல் விடுவதா? அதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

அந்தச் சாவைப் பற்றிக் கேலிச்சித்திரம் வரைந்த பாலா, கலெக்டரின் புகாரின்பேரில் அதே ஆண்டு நவம்பரில் கைதானார். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. பின்னாளில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. முதல்வர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரையும் நிர்வாணமாகக் காட்டிய படம் அது. ரசனைக்குறைவு என்று சொன்னவர்கள் இருந்தார்கள், சொல்லட்டும். ரசனையைப் பற்றிய புகார் ஆசிரியருக்குப் போக வேண்டியது. அதற்குக் கைவிலங்கு மாட்டினால், நெறி என்ற பேச்சே அதிகாரிகளின் ஆயுதமாகிவிடும்.

பணத்தைத் தொடாமல் இதில் எதுவும் முழுமையாகாது. தாலுகா நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. வந்த செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு. அதற்கு மேல் விளம்பர டார்கெட்: பொங்கல், தீபாவளி, பத்திரிகையின் ஆண்டு மலர். விளம்பரம் தரக்கூடியவர்கள் யார்? நகைக்கடை, தனியார் பள்ளி, மருத்துவமனை, குவாரி, கட்சிக்காரர். செய்தி எழுத வேண்டியதும் இவர்களைப் பற்றித்தான். பிரஸ் மீட்டில் டிபனோடு வரும் கவரை மட்டும் கைநீட்டி வாங்கியவரின் ஒழுக்கக்கேடாகப் பேசுவது சுலபம். பெட்ரோலுக்குக் கூடக் காசு தராத நிர்வாகத்தைப் பற்றிப் பேச மாட்டோம். தேர்தல் நேரத்தில் இதே நோய் மொத்த விலைக்குப் போகும். 2009 தேர்தலுக்குப் பிறகு ‘பெய்டு நியூஸ்’ பற்றிப் பிரஸ் கவுன்சில் விசாரித்தது. இப்போது ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்தல் ஆணையத்தின் ஊடகக் கண்காணிப்புக் குழு உட்கார்ந்து, காசு வாங்கிப் போட்ட செய்தி என்று தெரிந்தால் அதன் மதிப்பை வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏற்றுகிறது. சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம் என்று 2022ல் வைத்த வரம்புக்குள் அது அடங்க வேண்டும். வேட்பாளருக்கு இதனால் வலிக்கலாம். செய்தியை விற்றவருக்கு வலிக்காது.

பைக்கில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர் ஒட்டி மணல் லாரியை மறிக்கிற கூட்டம் வேறு. அவர்கள் செய்வது மிரட்டிப் பணம் பறித்தல். அதற்குப் பத்திரிகை நெறி தேவையில்லை, தண்டனைச் சட்டமே போதும். யூடியூப் சேனல்களின் நிலைதான் குழப்பம். 2021ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தி நிறுவனங்களும் பிரஸ் கவுன்சில் நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்றன. அந்தப் பகுதியை அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. போக்சோ, இளையோர் நீதிச் சட்டம், அவதூறுச் சட்டம் ஆகியவை மட்டும் மைக் பிடித்த எல்லாருக்கும் பொருந்தும்.

அச்சுப் பத்திரிகையில் தவறு வந்தால் வாசகர் போகக்கூடிய பாதை இது. முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். அது நடக்காமல் பிரஸ் கவுன்சில் பொதுவாகப் புகாரை எடுக்காது. பதில் திருப்தி இல்லையென்றால், நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள், மற்ற இதழ்கள் என்றால் நான்கு மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் புகார் போக வேண்டும். அதே விஷயத்தில் நீதிமன்ற வழக்கு நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழியும், செய்தித் துணுக்கும் வேண்டும். தமிழ்ச் செய்தி என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். திசையன்விளையில் ஒரு தாய், மகளைப் பற்றி வந்த நாலு வரிக்காக டெல்லி லோதி சாலைக்கு ஆங்கிலத்தில் எழுதுவார் என்று எதிர்பார்ப்பதே அதிகம். அதனால் ஆசிரியருக்குப் போகும் அந்த முதல் கடிதத்தை ஒழுங்காக எழுதுவது முக்கியம். தேதி, பதிப்பு, பக்க எண், தவறான வரி, சரியான தகவல், ஆதாரம் எல்லாம் இருக்கட்டும். பதிவுத் தபாலில் போகட்டும். திருத்தம் தவறு வந்த அதே பக்கத்தில், அதே பதிப்பில் வர வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். அடையாளம் வெளியான வழக்கு என்றால் மட்டும் அச்சுத் திருத்தம் கேட்கக் கூடாது, அது இன்னொரு முறை அடையாளத்தைச் சொல்வதாகிவிடும். இணையப் பதிப்பில் இருந்தும் இ-பேப்பரில் இருந்தும் உடனே நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.